நாலாவது கால்வட்டம்

கோவக்காரின்னு எனக்கு ஸ்கூல் பூரா பேரு. இருக்கட்டும். எதிர்ல ஒருத்தி தப்பு தப்பா கணக்கு போட்டா கோவம் வரத்தானே செய்யும்? ஆனா இந்தக் கதைல பெரிய தப்பு பண்ணது நான்தான். அத நானே சொல்லிட்டாத்தான் மீதியச் சொல்ல எனக்கு வாய் வரும்.

என் பேரு இசைவாணி. ஊரு வடக்குப்பட்டு. நான் பத்தாவது படிச்சப்போ அரையாண்டுல கணக்குல எனக்குத் தொண்ணூத்தி ஒண்ணு, கலைமதிக்குப் பத்தொம்பது. ஒண்ணாவதுலருந்து நாங்க ஒரே பெஞ்சு. என் டிபன் பாக்ஸ்ல இன்னா கீதுன்னு எனக்கு முன்னாடி அவளுக்குத் தெரியும். கனகலட்சுமி மிஸ் அவ பேப்பர குடுக்கும்போது திட்டல. "பப்ளிக்ல முப்பத்தஞ்சு வேணும் கலை"ன்னு மெதுவா சொன்னாங்க. அவ்ளோதான்.

மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டுல வெச்சி கலை என்கிட்ட வூட்டு விசயத்தச் சொன்னா. அவ அண்ணனுக்கு ஏழு மாசத்துல ஒரு கொழந்த. அதப் பாத்துக்க ஆளு வேணும்னு அவங்கம்மா காலைல ஷிஃப்ட்டு, அண்ணி மத்தியான ஷிஃப்ட்டுன்னு மாத்தி மாத்திப் போய்க்கினு இருந்தாங்க. மாமியாரும் மருமகளும் பாத்துப் பேசிக்கிறதே ஞாயித்துக்கெழமதான். கலையோட அப்பா நடேசன் மாமா மார்க்கப் பாத்துட்டு, "ஃபெயிலானா இன்னொரு வாட்டி எழுதறதெல்லாம் வேணாம்மா. கொழந்தையப் பாத்துக்கினு வூட்ல இரு. ரெண்டு பேரும் ஒரே ஷிஃப்ட்டுல போவட்டும், ஓவர்டைமும் பாக்கட்டும்"னு சொல்லியிருக்காரு. கோவமா சொல்லல. சாப்ட கையக் கழுவிக்கினே ஞாயமா சொல்லியிருக்காரு. அதான் கலைக்கி பயம். கத்தியிருந்தாருன்னா ஒரு மூச்சு அழுது சமாளிச்சிருப்பா.

கலைக்கி ஐ.டி.ஐ. போவணும். அண்ணன் கம்பெனில ஃபேமிலி டேன்னு கூட்டினு போனப்போ வெல்டிங் அடிக்கிற ரோபோ கையப் பாத்துட்டா. அன்னிலருந்து அதே பேச்சு. அது எப்டி குனிஞ்சிது, எப்டி திரும்பிச்சின்னு தன் கையாலயே செஞ்சி காட்டுவா. அத ரிப்பேர் பண்ண வந்தது ஒரு பொண்ணாம். "மஞ்ச ஹெல்மெட்டு போட்டுக்கினு அதும் பக்கத்துல நிக்கிதுடி இசை, பயமே இல்லாம"ன்னு நூறு வாட்டி சொல்லியிருப்பா. பத்து பாஸ் பண்ணாத்தான் அந்த ஹெல்மெட்டு.

"நான் பாஸ் பண்ண வெக்கிறேன், வா"ன்னேன். அப்டியே வாய்க்கு வந்துடுச்சி.

கூட ரெண்டு பேரச் சேத்தேன். ஒருத்தி ஷெர்லின். அதிகம் பேச மாட்டா, கையெழுத்து அச்சடிச்ச மாரி இருக்கும், சர்ச் சாவி அவங்க வூட்லதான் இருக்கும். இன்னொருத்தன் சுபாஷ். அவன் வாய மூடி யாரும் பாத்ததில்ல. சர்ச்சுக்குப் பின்னாடி சண்டே ஸ்கூல் ரூம்ல நல்ல போர்டு கீது, ஃபேன் கீது. சாயங்காலம் அஞ்சுலருந்து ஏழு வரைக்கும் அது எங்களுது. ரோட்டுல கம்பெனி பஸ்ஸுங்க வரிசையா போய்க்கினே இருக்கும், டிரெய்லர் போனா போர்டே ஆடும்.

எப்டி படிக்கிறதுன்னு ஐடியா குடுத்தது நான். எங்க நாலு பேரு வூட்லயும் கார் கம்பெனி லைன்ல வேல செய்ற ஆளு கீது. அதனால எங்களுக்கு வேலன்னாலே லைன்தான் ஞாபகம் வரும். ஒரு ஸ்டேஷன்ல ஒரு ஆளு, ஒரு ஆளுக்கு ஒரு வேல, காரு அதுவா நவுந்துகினு வரும். அதே மாரி பாடத்தப் பிரிச்சேன். இயற்கணிதம், சார்பு, தொடர்வரிசை, ஆயத்தொலை எனக்கு. வடிவியல், அளவியல் ஷெர்லினுக்கு. முக்கோணவியல், புள்ளியியல் சுபாஷுக்கு. அவங்கவங்க தன் பாடத்துல புலி ஆவணும், மத்தவங்களுக்குச் சொல்லித் தரணும்.

"கலைக்கி இன்னா ஸ்டேஷன்?"னு ஷெர்லின் கேட்டா.

"அவளுக்கு எதுக்கு? அவதான் காரு"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சோம். கலையும் சிரிச்சா.

மூணு வாரம் ஜோரா ஓடிச்சி. அஞ்சு மணிக்கு கலை வந்து உக்காருவா. அர மணி நேரம் நான், அப்புறம் ஷெர்லின், அப்புறம் சுபாஷ். என் நேரம் முடிஞ்சா எழுந்து வெளிய போய் காத்தாடிட்டு வருவேன். மத்தவங்க சொல்லித் தர்றத நான் எதுக்குக் கேக்கணும், என் பாடம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. சுபாஷும் அப்டிதான். நான் அணிக் கணக்கு எடுக்கும்போது அவன் மதில் மேல உக்காந்துகினு எந்த பஸ்ஸு எந்த கம்பெனின்னு எண்ணிக்கினு இருப்பான்.

அப்புறம் வந்துச்சி ரிவிஷன் டெஸ்ட்டு. பேப்பர் குடுத்தாங்க பாரு, எனக்கு எழுவத்தாறு. நான் நம்பல, கூட்டிப் பாத்தேன், எழுவத்தாறுதான். ஷெர்லின் அறுவதுலருந்து நாப்பத்தொம்பது. சுபாஷ் அம்பத்திரெண்டுலருந்து முப்பத்தெட்டு. கலை இருவத்தி மூணு.

அன்னிக்கி சண்டே ஸ்கூல் ரூமுக்குள்ள நுழைஞ்சதுமே நான் கலை மேல பாஞ்சேன். என் மார்க்கு போன கடுப்பு பூரா அவ தலைல எறங்கிச்சி. "மூணு வாரம். மூணு பேரு. நாலே நாலு மார்க்கு ஏத்தியிருக்க. உன் மண்டைல இன்னாதான்டி கீது?"

அவ தன் பேப்பர பெஞ்சி மேல வெச்சா. அப்புறம், "உனக்கு எவ்ளோ?"ன்னு கேட்டா.

"எழுவத்தாறு."

"அரையாண்டுல?"

நான் என் பேப்பர மடிச்சி பைக்குள்ள திணிச்சேன்.

"எறங்காம ஏறுனது நான் ஒருத்திதான். அது கூட உன் கண்ணுக்குத் தெரியல. நீ சொல்லித் தரல இசை, திட்டித் தர்ற. நான் இன்னா காரா, தள்ளுனா நவுர்றதுக்கு?" பையத் தூக்கி மாட்டிக்கினு போய்ட்டா. பேப்பர பெஞ்சி மேலயே வுட்டுட்டுப் போய்ட்டா.

எனக்கு காது ரெண்டும் சூடாயிடுச்சி. சுபாஷ் மொத தடவையா வாய மூடிக்கினு நின்னான். அப்புறம் அவனே, "அணிக் கணக்கு ஒண்ணு வந்துச்சில்ல, அஞ்சு மார்க்கு. பாத்தேன். இது இசை ஸ்டேஷனாச்சேன்னு அப்டியே தாண்டிட்டேன்பா"ன்னான். எனக்கு அவன ஓங்கி ஒரு அறை வுடணும் போல இருந்துச்சி. ஆனா நானும் அதேதான் பண்ணியிருந்தேன். வரையற கணக்கு எட்டு மார்க்கு, ஷெர்லின் பாத்துப்பான்னு மூணு வாரமா காம்பஸையே தொடல. பரீட்ச ஹால்ல ஷெர்லின் எங்கருந்து வருவா?

ஷெர்லின் கலையோட பேப்பரத் திருப்பி என் முன்னாடி வெச்சா. கடைசிப் பக்கம். வரையற கணக்கு. செவப்பு மையில எட்டுக்கு எட்டு. கோடு ஒண்ணொண்ணும் மயிரிழ மாரி. அதே கணக்குக்கு என் பேப்பர்ல ரெண்டு. லைன்ல நின்ன நாங்க மூணு பேரும் அவங்கவங்க ஸ்டேஷன வுட்டு நவுரவேயில்ல. எல்லா ஸ்டேஷனையும் பாத்துட்டு வந்தது கலை மட்டுந்தான். எனக்கு வெக்கமா இருந்துச்சி, நெஜமா வெக்கமா இருந்துச்சி.

அப்பதான் சுபாஷ் சொன்னான். அவங்கப்பா காசிராஜன் மாமா கம்பெனில ஃபேமிலி டேக்கு போனப்போ லைனுக்கு மேல ஒரு சார்ட்டு தொங்கிச்சாம். கேட்லயே ஃபோன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க, ஃபோட்டோ எடுக்க முடியாது. அதனால ஞாபகத்துலருந்து போர்டுல வரைஞ்சான். பக்கவாட்டுல ஆளுங்க பேரு, மேல வேல பேரு, ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வட்டம். வட்டத்த நாலு காலாப் பிரிச்சிருக்கும். ஒரு ஆளு அந்த வேலையப் பக்கத்துல நின்னு பாத்தா ஒரு கால் ரொப்புவாங்க. யாராச்சும் கூட நின்னா செய்வான்னா ரெண்டு. தனியா செய்வான்னா மூணு.

"நாலாவது?"

"இன்னொருத்தனுக்குச் சொல்லித் தந்து, அவன் தனியா செஞ்சிட்டா நாலாவது. அதான் முழு வட்டம். எங்கப்பா எல்லா ஸ்டேஷன்லயும் நிப்பாரு தெரியுமா, மாத்தி மாத்திப் போடுவாங்க. நீதான் ஒரு ஆளுக்கு ஒரு வேலன்னு ரூல் போட்ட."

"இத மூணு வாரத்துக்கு முன்னாடி சொல்ல இன்னாடா உனக்கு?"

"நீ பேச வுட்டாத்தானே?"

மறுநாள் சனிக்கெழம. கலை வூட்டுக்குப் போனேன். வழி பூரா மன்னிப்பு எப்டி கேக்கறதுன்னு சொல்லிப் பாத்துக்கினே போனேன். வாசல்ல அவ கொழந்தைய இடுப்புல வெச்சிக்கினு நின்னா. உள்ள அவங்கம்மா செங்கமலம் அத்த ஷிஃப்ட்டு முடிச்சிட்டு வந்து தூங்கிக்கினு இருந்தாங்க. என்னப் பாத்ததும் கலை மூஞ்சத் திருப்பிக்கினா. சொல்லிப் பாத்த வார்த்த ஒண்ணு கூட வரல. "வரையற கணக்குல எனக்கு ரெண்டு. உனக்கு எட்டு. எனக்குச் சொல்லித் தாடி"ன்னேன்.

அவ என்ன மேலயும் கீழயும் பாத்தா. "நெஜமாவா?"

"எட்டு மார்க்குடி. வெளையாட்டா?"

"அப்போ இதப் புடி"ன்னு கொழந்தைய என் கைல குடுத்துட்டு நோட்டு எடுக்க உள்ள போனா. அவ வர்றதுக்குள்ள அது என் சுடிதார நனைச்சிடுச்சி. நான் ஒண்ணும் சொல்லல. அதுவே பெரிய விசயம்.

வடிவொத்த முக்கோணம். அளவு காரணி ஏழின் கீழ் மூணு. கலை பொறுமையா போட்டுக் காட்டுனா. முக்கோணம் வரை, கீழ ஒரு கோடு சாய்ச்சி இழு, அதுல சமமா ஏழு புள்ளி வை, மூணாவது புள்ளிய முக்கோணத்து முனையோட சேரு, ஏழாவதுலருந்து அதுக்கு இணையா ஒரு கோடு.

"ஏன் மூணாவது? ஏன் ஏழாவது இல்ல?"ன்னேன். எனக்கு ஏன்னு தெரியாம எதுவும் மண்டைல ஏறாது.

அவளுக்குத் தெரியல. "ஷெர்லின் அப்டிதான் போட்டா"ன்னா. ஆனா என்ன மாரி அவ வுட்டுட்டு ஓடல. ரெண்டு நாள் யோசிச்சா. திங்கக்கெழம காலைல ப்ரேயர் வரிசைல பின்னாடியிருந்து என் ஜடைய இழுத்து, "பழைய முக்கோணம் மூணு பங்குடி. புதுசு ஏழு பங்கு. பழசோட முனைக்கு மூணாவது புள்ளிதான் ஜோடி. புது முனைக்கு ஏழாவது ஜோடி. இணையா இழுத்தா அதே அளவுல பெருசாகும்"னா. ப்ரேயர்ல பேசுனதுக்கு ரெண்டு பேரும் வெளிய நின்னோம். அங்கயே மண்ணுல குச்சியால போட்டுப் பாத்தேன், வந்துச்சி. எனக்கு சந்தோசம் தாங்கல. சொல்லித் தந்தது அவ, புரிஞ்சிக்கினது ரெண்டு பேரும்.

அன்னிக்கி சாயங்காலமே காலண்டர் அட்டைய ஒட்டி சார்ட்டு பண்ணோம். நாலு பேரு, எட்டு பாடம், முப்பத்திரெண்டு வட்டம். யாருக்கும் தனி ஸ்டேஷன் கெடையாது. ரூல் ஷெர்லின் போட்டா: நாலாவது கால நீயே ரொப்பிக்க முடியாது. உன்கிட்ட கத்துக்கினவங்கதான் வந்து ரொப்பணும். மொத முழு வட்டம் கலையோடது, வடிவியல். பச்ச ஸ்கெட்ச்சால நான்தான் ரொப்பினேன். கலை கிட்ட போய் நின்னு, தள்ளி நின்னு, மறுபடியும் கிட்ட போய்ப் பாத்தா.

ரெண்டாவது ரூல் எனக்குன்னே போட்டது. போட்டவ கலை. மூலைக் கடைலருந்து ஒரு பாக்கெட்டு கமர்கட்டு வாங்கியாந்து வெச்சா. நான் சொல்லித் தரும்போதெல்லாம் வாயில ஒண்ணு இருக்கணும். கமர்கட்டு பல்லுல ஒட்டிக்கினா திட்ட முடியாது பாருங்க. நான் போர்டுல ஒரு வரி எழுதுவேன், சாக்பீஸ அவ கைல குடுப்பேன், அவ அடுத்த வரி எழுதுவா. தப்பா எழுதினா அந்த எடத்துல ஒரு புள்ளி வெப்பேன், அவ்ளோதான். சுபாஷ் அதப் பாத்து வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சான். என் கண்ணு மட்டும் திட்டுதாம்.

கலைக்கி எமனா இருந்தது பல்லுறுப்புக் கோவையோட வர்க்கமூலம். அஞ்சு மார்க்கு. வகுக்கும்போது கழிக்கணும், கழிக்கும்போது எல்லா உறுப்புக்கும் குறி மாத்தணும். இவ மொத உறுப்புக்கு மட்டும் மாத்திட்டு மீதிய அப்டியே வுட்டுடுவா. முன்னாடியெல்லாம் நான் கத்துவேன், அவ தலையாட்டுவா, மறுபடியும் அதே தப்பு. இப்போ நான் கமர்கட்ட மென்னுக்கினே புள்ளி மட்டும் வெச்சேன். மொத நாள் ஒம்போது புள்ளி. நாலாவது நாள் ரெண்டு. என் புள்ளியப் பாத்துட்டு அவளே, "அய்ய, குறி"ன்னு தலைல அடிச்சிப்பா. இத்தினி நாளா அவளுக்கு யோசிக்கவே நான் நேரம் குடுக்கலன்னு எனக்கு அப்பதான் உறைச்சிது.

மார்ச்சு மாசம் சார்ட்டு பச்சையா மாறிச்சி. டெய்லி ஒரு கால், ரெண்டு கால்னு ஏறும். சுபாஷ் மதில் மேலருந்து எறங்கி அணிக் கணக்கு போட்டு இயற்கணிதத்துல ரெண்டாவது கால் வாங்குனான், அன்னிக்கி ஆடுன ஆட்டத்துல சண்டே ஸ்கூல் பெஞ்சு ஒண்ணு கால் ஒடஞ்சிது. அத ஷெர்லின் அப்பாவுக்குத் தெரியாம நாங்களே ஆணி அடிச்சோம். ஷெர்லின் சத்தமா பேசக் கத்துக்கினா. ஏழு மணி ஆனாலும் யாருக்கும் எழுந்து போக மனசு வராது.

கணக்குப் பரீட்சைக்கு மொத நாள் வட்டத்த எண்ணிப் பாத்தோம். ஷெர்லினுக்கு மூணு முழு வட்டம். சுபாஷுக்கு ரெண்டு. கலைக்கி ஒண்ணு. எனக்கு ஒண்ணு கூட இல்ல. எட்டு வட்டமும் முக்காலோட நின்னுச்சி. கிளாஸ் ஃபர்ஸ்ட்டு நானு, என் வரிசைல ஒரு முழு வட்டம் கெடையாது. கடுப்பாயிடுச்சி எனக்கு. "இத்தினி நாள் சொல்லித் தந்தேனே, யாராச்சும் ஒருத்தர் ரொப்பறது?"ன்னு கேட்டேன்.

"தனியா செஞ்சிட்டாத்தான் ரொப்பணும். அதான ரூலு?"ன்னா கலை. "நாளைக்கி தனியா செய்யப் போறேன். பாஸானா ரொப்பறேன்."

அன்னிக்கி என் மார்க்கப் பத்தி நான் யோசிக்கவேயில்ல.

சென்டரு வேற ஸ்கூல்ல போட்டிருந்தாங்க. கேள்வித்தாளக் குடுத்ததும் நான் மொதல்ல கடைசிப் பக்கத்தத் திருப்புனேன். வடிவொத்த முக்கோணம், அளவு காரணி ஆறின் கீழ் அஞ்சு. பழசு அஞ்சு பங்கு, புதுசு ஆறு. பின்னாலருந்து ஜடைய இழுத்த மாரியே இருந்துச்சி. வரைஞ்சி முடிச்சி ரெண்டு பெஞ்சு தள்ளிப் பாத்தேன். கலை ஸ்கேல வெச்சி கோடு இழுத்துக்கினு இருந்தா. இவளுக்கு எட்டு, இன்னும் இருவத்தேழு வேணும்னு என் பேப்பர வுட்டுட்டு அவ மார்க்க நான் கூட்டிக்கினு இருந்தேன். சூப்பர்வைசர் மிஸ் முறைச்சாங்க.

வெளிய வந்ததும் ஓடிப் போய் கையப் புடிச்சேன். "வர்க்கமூலம்?"

"வந்துச்சி."

"குறி?"

"எல்லாத்துக்கும் மாத்துனேன்."

அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச பயம்.

மே மாசம் ரிசல்ட்டு. கலையோட அப்பா நம்பருக்குத்தான் மெசேஜு வரும். அவரு ஷிஃப்ட்டுல, ஃபோன் லாக்கர்ல. அதனால சுபாஷ் ஃபோன்ல நாலு தலையும் குனிஞ்சிக்கினு பாத்தோம். நம்பர் போட்டா சுத்துது, சுத்திக்கினே கீது. கலை என் மணிக்கட்ட நெரிச்சிக்கினு இருந்தா, நெகம் பதிஞ்சிடுச்சி. அப்புறம் பொட்டுன்னு தெறந்துச்சி. கணக்கு, அம்பத்தி ஒண்ணு. சுபாஷ் மூணு வாட்டி சத்தமா படிச்சான். கலை என் மணிக்கட்ட வுட்டா. அப்டியே கீழ உக்காந்துட்டா. அங்கருந்தே, "அப்பா லாக்கர் தெறக்கும்போது பாப்பாரு இல்ல?"ன்னு மட்டும் கேட்டா. எனக்குத் தொண்ணூத்தேழு. சத்தியமா, அத நாங்க கடைசியாத்தான் பாத்தோம்.

நாலு பேரும் சண்டே ஸ்கூல் ரூமுக்கு ஓடுனோம். உள்ள லீவு கிளாஸு நடந்துச்சி, குட்டிப் பசங்க காயிதத்துல மீன் வெட்டி செவுரு பூரா ஒட்டி வெச்சிருந்துச்சிங்க. எங்க சார்ட்ட மட்டும் கிழிக்காம அதச் சுத்தி ஒட்டியிருந்தாங்க. கலை ஒரு பையன்கிட்ட பச்ச ஸ்கெட்ச்சு வாங்குனா. என் வரிசைல இயற்கணிதம் கட்டத்துக்கிட்ட போனா. நாலாவது கால மெதுவா ரொப்ப ஆரம்பிச்சா. எனக்குக் கண்ணு ரொம்பிடுச்சி, அழுவ வர்றது எனக்குப் புடிக்காது, அதனால கோவம் வந்துச்சி. "ஏய், கோட்டத் தாண்டி வழியுது பாரு, ஒழுங்கா அடி..."

முடிக்க வுடல. பாக்கெட்லருந்து ஒரு கமர்கட்ட எடுத்து என் வாயில திணிச்சிட்டு, மீதிய ரொப்பி முடிச்சா.